தூண்டிலைத் தொடாத மாதங்களில் ஆற்றில் கண்டது

சங்கச் செயலர்:

தூண்டில் சங்க நண்பர்களே, கழிகளைத் துடைத்து உறையில் போட்டாகிவிட்டது. இனி மீன்பிடிப் பருவம் திறக்கும்வரை நம் ஆற்று மீனான டிரவுட் நம்மை மறந்து நிம்மதியாக இருக்கும். இந்த இடைவெளியில் ஆற்றங்கரையில் நீங்கள் கண்டதை எழுதுங்கள். பிடித்த மீனின் நீளம் மட்டும் வேண்டாம்; அது சொல்லச் சொல்ல வளர்கிறது. என் கதையில் பெருமைப்பட ஒன்றும் இல்லை என்றாலும் நானே தொடங்குகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் டிரவுட் முட்டையிடப் பறித்த குழிகளை எண்ணும் கணக்கெடுப்புக்கு முதன்முறையாகப் போனேன். வெளிறிய சரளை தெரிந்தால் நின்றுவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பாசி படிந்த பழுப்புப் படுகையின் நடுவே, கழுவிக் கொட்டியதுபோல் ஒரு திட்டு கண்ணில் பட்டது. அதன் மேல்முனையில் ஒரு பள்ளம். முட்டை பள்ளத்தில்தானே இருக்கும் என்று எண்ணி, மிகுந்த பொறுப்போடு அதைச் சுற்றிச் சென்று, கீழ்ப்புறம் இருந்த மேட்டில் ஏறி நின்றேன். கால் நன்றாக ஊன்றியது. "தம்பி, வந்த வழியே ஒரே எட்டில் வெளியே வா" என்றார் உடன் வந்த பெரியவர். குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

முட்டை இருப்பது அந்த மேட்டுக்குள். பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து, வாலால் அடித்து அடித்துக் குழி பறிக்கிறது. முட்டையிட்டதும் ஓட்டத்துக்கு எதிராகச் சற்று மேலேறி மறுபடி பறிக்கிறது; அப்போது கிளம்பும் சரளையை நீரோட்டம் கொண்டுவந்து முட்டைகளின்மேல் மூடுகிறது. நாம் காணும் பள்ளம் அது கடைசியாக மண் எடுத்த இடம், அவ்வளவுதான்.

அன்று பிற்பகல் ஒரு சோடியையும் பார்த்தேன். பெண் சாயும்போதெல்லாம் விலாப்பக்கம் நீருக்கடியில் வெள்ளித்தட்டுபோல் மின்னியது. கீழ்த்தாடை கொக்கியாய் வளைந்த பெரிய ஆண் ஒன்று, ஓரத்தில் தருணம் பார்த்து நின்ற இரண்டு சிறிய ஆண்களைத் துரத்துவதிலேயே பாதிப் பொழுதைக் கழித்தது. ஒரு மணி நேரம் நின்றிருப்பேன். மீன்பிடிக்கும் காலத்தில் நான் ஓரிடத்தில் பத்து நிமிடம் பொறுத்ததில்லை.

கணக்கில் தேர்ந்த உறுப்பினர்:

செயலர் மிதித்தது எத்தகைய மிதி என்பதற்கு அளவு இருக்கிறது. 1992-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், டிரவுட் முட்டைகள் புதைந்த சரளைமேல் மனிதர்களை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். குஞ்சு பொரிக்கும் தறுவாயில் ஒரே ஒருமுறை நடந்ததற்கே 43 சதவீதம் வரை அழிந்தது. முட்டையிலிருந்து குஞ்சு சரளையை விட்டு வெளியேறும்வரை நாளுக்கு இருமுறை நடந்த இடத்தில் 96 சதவீதம் வரை.

ஆபத்து பருவம் திறக்கும் நாளோடு முடிந்துவிடுவதும் இல்லை. பிரவுன் டிரவுட் முட்டை பொரிக்க, நீர் 10 டிகிரி செல்சியஸில் இருந்தால் சுமார் ஆறு வாரம் ஆகும். 5 டிகிரி என்றால் ஏறக்குறைய மூன்று மாதம். பொரித்த பின்னும் குஞ்சுகள் மஞ்சள்கருப் பையைச் சுமந்துகொண்டு பல வாரங்கள் சரளைக்குள்ளேயே கிடக்கும். குளிர்ந்த ஓடைகளில் நாம் ஆர்வத்தோடு முதல் அடி வைக்கும் நாளில் அவை காலடியில் இருக்கலாம்.

தூண்டில் ஈ கட்டுபவர்:

இருபது ஆண்டுகளாக இறகும் நூலும் கொண்டு, மீனை ஏமாற்றும் பொய்ப் பூச்சியான ஈ கட்டுகிறேன். உயிருள்ள அசலைப் போன குளிர்காலத்தில்தான் பார்த்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆற்றுப்படுகையில் வாழும் பூச்சிகளின் கணக்கெடுப்புக்கு ஆள் குறைகிறது என்று என்னை இழுத்துப் போனார்கள். வலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் படுகையை மூன்று நிமிடம் காலால் கிளற வேண்டும். வலையில் விழுந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டினால் தட்டே ஊர்கிறது. பெரும்பாலும் மூன்று வால் இழைகள் இருந்தால் மே பூச்சியின் இளம்பருவம். இரண்டே இருந்து, காலில் இரண்டு நகங்களும் இருந்தால் ஸ்டோன்ஃப்ளை என்னும் பூச்சியினுடையது. மணலையும் குச்சித் துணுக்கையும் ஒட்டிக் கூடு கட்டி, அதை முதுகில் இழுத்துக்கொண்டு போன காடிஸ் புழு ஒன்றை நான் வெகுநேரம் கீழே விடவில்லை. அதன் கைவேலை என்னுடையதைவிடச் சுத்தம். நான் கட்டிய ஈக்கள் அசலைப்போல் இரண்டு மடங்கு பருமன். வீட்டுக்கு வந்ததும் ஒரு பெட்டி முழுவதையும் பிரித்துவிட்டேன்.

மாடுகள் இறங்கி மிதித்துக் கரை சரிந்த இடத்துக்குக் கீழே கிளறியபோது கதை வேறு. வண்டல் கலங்கி எழுந்தது. மண்புழு போன்றவையும் கொசுவைப் போன்ற சிறு பூச்சிகளின் புழுக்களும் தவிர மற்றது அரிது. அந்த வண்டல் சரளை இடுக்குகளை அடைத்துவிட்டால், முட்டைக்கும் மூச்சு இல்லை.

புதிதாகச் சேர்ந்தவர்:

அந்தச் சரிந்த கரையில்தான் போன மாதம் வில்லோ மரப் போத்துகள் நட்டோம். மரம் உறங்கும் காலத்தில் வெட்டிய போத்து, ஈரமண்ணில் தானே வேர் பிடித்துக் கரையை இறுக்கும் என்றார்கள். நாற்பது நட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான், பக்கத்தில் இருந்தவர் என் வரிசையைப் பார்த்துச் சிரித்தார். மொட்டுகள் எல்லாம் பூமியை நோக்கியிருந்தன. பிடுங்கித் திருப்பி நடுவதற்குள் இருட்டிவிட்டது.

செயலரிடம் ஒரு கேள்வி. நீங்கள் மிதித்த அந்த முட்டைகள் என்ன ஆயின?

சங்கச் செயலர்:

இதைக் கேட்காமல் விடுவீர்கள் என்று நினைத்தேன்.

கரையில் ஒரு கல்லை அடையாளம் வைத்திருந்தேன். குளிர்காலம் கழிந்து வெயில் ஏறிய பிறகு பெரியவரோடு போய்ப் பார்த்தேன். கரையோரம் ஓட்டம் தணிந்த இடத்தில், விரல் நுனி அளவில் குஞ்சுகள் எதிர்நீச்சலிட்டு நின்றன. இவை என் மேட்டிலிருந்து தப்பியவையா, அடுத்த மேட்டில் பிறந்தவையா என்று பெரியவரிடம் கேட்டேன். "அது இருக்கட்டும் தம்பி, இப்போது காலை எங்கே வைத்திருக்கிறாய் என்று பார்" என்றார்.