ஆயர், பேராயர்: யார் மேல்?

கேள்வி (தாமிரபரணி): பாளையங்கோட்டையில் சபைகள் சேர்ந்து நடத்தும் ஜெபக்கூட்டத்துக்கு அழைப்பிதழ் அச்சாகப் போகிறது. கத்தோலிக்கர் பக்கம் ஆயர், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பக்கம் பேராயர். 'பேர்' இருப்பதால் சி.எஸ்.ஐ.காரர் ஒரு படி மேலா? ஆங்கிலப் பக்கத்தில் ஆர்ச்பிஷப் என்று போடலாமா?

ஊசிக்கோபுரம்: தயவுசெய்து போடாதீர்கள். இருவருமே பிஷப்தான். 1947-ல் உருவான சி.எஸ்.ஐ.யில் ஆர்ச்பிஷப் பதவியே கிடையாது. திருமண்டலத்துக்கு (டயோசிஸ்) ஒரு பேராயர். அவர்களில் ஒருவரை சினாடு, அதாவது சபையின் உச்சப் பேரவை, மாடரேட்டராகத் தேர்ந்தெடுக்கும். தமிழில் பிரதமப் பேராயர் என்போம். தமிழ் லுத்தரன் சபையிலும் பேராயர் என்றால் பிஷப்தான். பழைய சபைப் பதிவேடுகளில் 'அத்தியட்சர்' என்று பார்த்தால் அதுவும் இதே பதவிதான்.

மறைக்கல்வி: படி வித்தியாசம் கத்தோலிக்கத்தில்தான் வரும். மறைமாவட்டத்துக்கு ஆயர், உயர்மறைமாவட்டத்துக்குப் பேராயர். பாளையங்கோட்டை, தூத்துக்குடி, கோட்டாறு, குழித்துறை, திருச்சி, திண்டுக்கல், சிவகங்கை ஏழும் மதுரைப் பேராயரின் மாநிலத்தில் (மறைமாவட்டங்கள் சேர்ந்த திருச்சபை மாநிலம்) அடங்கும்.

அதற்காக மதுரைப் பேராயரை இந்த ஆயர்களின் மேலதிகாரி என்று நினைத்துவிடக் கூடாது. பாளையங்கோட்டையில் ஒரு பங்குத்தந்தையைக்கூட அவரால் மாற்ற முடியாது. ஆயரை நியமிப்பது திருத்தந்தை. ஆயர் பதில் சொல்வதும் அவருக்குத்தான். விசுவாசத்திலோ திருச்சபை ஒழுங்கிலோ பிசகு கண்டால் ரோமுக்குத் தெரிவிப்பது பேராயரின் முக்கியக் கடமை. ஆயர் ஒருவர் பேராயரானால் மறுபடி திருநிலைப்பாடு (குருத்துவ அபிஷேகச் சடங்கு) கிடையாது, பணியேற்பு மட்டும்தான். கண்ணுக்குத் தெரியும் அடையாளம் பாலியம்: ஆட்டு ரோமத்தில் நெய்த வெள்ளைப் பட்டி, ஆறு கறுப்புச் சிலுவைகள், கழுத்தைச் சுற்றித் தோளில் கிடக்கும். அதையும் தம் மாநில எல்லைக்குள் திருப்பலியில்தான் அணிவார்.

ஒரு விதிவிலக்கு: திருத்தந்தையின் தூதர்கள் பொதுவாகப் பேராயர் பட்டம் உள்ளவர்கள், ஆளுவதற்கு உயர்மறைமாவட்டம் இருக்காது.

கல்வெட்டு வாசகன்: பழைய கோயில் கல்லறைகளைப் படிப்பவர்களுக்கு: மேற்றிராணியார் என்றால் ஆயர், அதிமேற்றிராணியார் என்றால் பேராயர். இது கத்தோலிக்க வழக்கு.

யாழ்ப்பாணத்திலும் உங்கள் ஊர் நிலைதான். கத்தோலிக்கர் ஆயர் என்பார்கள், தென்னிந்தியத் திருச்சபையார் பேராயர் என்பார்கள். இரண்டும் ஒரே படி.

ஊசிக்கோபுரம்: அழைப்பிதழில் வெறும் 'ஆயர்', 'பேராயர்' என்று விடாமல் 'பாளையங்கோட்டை மறைமாவட்ட ஆயர்', 'திருநெல்வேலித் திருமண்டலப் பேராயர்' என்று முழுதாகப் போடுங்கள். ஆங்கிலத்தில் இருவருக்கும் பிஷப். யார் பெயர் முதலில் என்று இழுபறி வந்தால், முதலில் பிஷப்பாகத் திருநிலை பெற்றவர் பெயரை மேலே போடுங்கள். ப்ரூஃபை இரண்டு அலுவலகச் செயலர்களிடமும் காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.