பெரியம்மாவின்ர நினைவு மலருக்கு ஒரு சொல் தேடினது

எல்லாரும் இங்கிலீஷ் சொல்லுகளோட பட்ட பாட்டை எழுதுறீங்கள். என்ரையையும் சொல்லுறன்.

வெள்ளவத்தையில எங்களோட இருந்த பெரியம்மா போன வருசம் தவறிட்டா. 31ஆம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிற பொறுப்பு என்னட்ட வந்தது. கனடாவில இருக்கிற பேத்தி இங்கிலீஷில ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருந்தாள். முதல் வரியிலேயே அம்மம்மா 'எஃபர்வெசன்ட்' எண்டு இருந்தது. தமிழிலயும் வேணும் எண்டு மச்சாள் சொல்லிப்போட்டா. அந்த ஒரு சொல்லில மூண்டு நாள் நிண்டன்.

அதுவரைக்கும் அந்தச் சொல்லை விற்றமின் சி குளிசைப் பெட்டியிலதான் கண்டிருக்கிறன். குளிசையில இருக்கிற சித்திரிக்கமிலமும் அப்பச்சோடாவும் தண்ணி பட்டவுடன தாக்கமடைஞ்சு காபனீரொட்சைட்டு குமிழ் குமிழா வரும். லத்தீன் வேருக்குக் 'கொதிச்செழும்புறது' எண்டு பொருள். ஆளுக்குச் சொன்னால், உள்ளுக்கிருந்து தானா எழும்பிப் பக்கத்தில நிக்கிறவைக்கும் தொத்துற உற்சாகம்.

'கலகலப்பு' போட்டுப் பாத்தன். அதுக்கு நாலு பேர் கூடவேணும். பெரியம்மா தனிய இருந்து முருங்கைக்காய் வெட்டேக்கையும் அப்பிடித்தான் இருப்பா. 'துடிப்பு' இளம் பெடியளுக்குச் சொல்லுறது. வேருக்குக் கிட்ட நிக்கிறது 'பொங்குறது'. ஆனால் தமிழில பால் பொங்கினால் மங்களம், ஆள் பொங்கினால் கோபம்.

பிறகுதான் ஞாபகம் வந்தது. தடிமன் பிடிச்சால் பெரியம்மா அந்தக் குளிசையைத் தம்ளரில போட்டிட்டு உடன குடிக்கமாட்டா. சின்னதுகளைக் கூப்பிட்டு ஒவ்வொண்டின்ர காதுக்குக் கிட்டயும் தம்ளரைப் பிடிப்பா. "கேளுங்கோ, கதைக்குது" எண்டுவா. கன்னத்தில தெறிக்கிற தண்ணியைத் துடைக்காமல் சிரிக்குங்கள். லீவுக்கு வந்து அந்த வரிசையில நிண்டவள்தான் இந்தப் பேத்தி.

'அவ இருந்த இடத்தில எங்கட மனமும் நுரைச்செழும்பும்' எண்டு எழுதினன். மாமா வாசிச்சிட்டு ஒண்டும் சொல்லேல்ல, அச்சுக்குக் குடுக்கச் சொன்னார்.

*

வாசிச்சுக் கண் கலங்கிட்டுது அக்கா. நான் பம்பலப்பிட்டியில படிப்பிக்கிறன். ஒரு பிள்ளையின்ர றிப்போட்டில இந்தச் சொல்லைப் போட்டன். அடுத்த நாள் தகப்பன் வந்து நிக்கிறார், "ரீச்சர், பிள்ளை என்ன குழப்படி செய்தவள்?" புகழ்ச்சி எண்டு விளங்கப்படுத்தினன். குமிழ் மாதிரித் துள்ளுற ஆள் எண்ட கருத்தில 'பப்ளி' எண்டும் எழுதியிருக்கலாம், ஆனால் அது சிலநேரம் ஆளைச் சின்னதாக்கிப் போடும். இப்ப றிப்போட்டில அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில தமிழிலயும் ஒரு வரி எழுதுறன். அடுத்த தவணைக்கு உங்கட வரியை எடுக்கலாமோ?