ஒரு மாதம் புக்கெட் போய் முவாய் தாய் பழகலாம் என்றிருக்கிறேன். போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்

நூற்பாலைத்_தெரு எழுதியது:

வணக்கம்ங்க. எனக்கு வயது 36, கோயம்புத்தூர். பம்பு செட் கம்பெனியில் டிசைன் வேலை. இரண்டு வருடமாக வாரம் மூன்று நாள் இங்கேயே ஒரு ஜிம்மில் முவாய் தாய் (கை, கால், முழங்கை, முழங்கால் எல்லாவற்றாலும் அடிக்கிற தாய்லாந்துச் சண்டைக்கலை) பழகுகிறேன். பயிற்சியாளர் கையில் பிடிக்கிற பேட் என்கிற மெத்தையில் அடிப்பேன், லேசாக ஸ்பாரிங், அதாவது பழக்கச் சண்டை உண்டு. மேட்ச் ஏறியதில்லை, ஏறும் எண்ணமும் இல்லை.

லீவு எல்லாம் சேர்த்தால் 30 நாள் கிடைக்கும் போலிருக்கிறது. தாய்லாந்தின் புக்கெட் தீவில் சாலோங் பக்கம் சோய் தா-இயத் என்று ஒரு தெரு முழுக்க ஜிம்தான் என்கிறார்கள். அங்கே போய்த் தங்கி, காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை, ஞாயிறு மட்டும் லீவு என்று 50 வகுப்பாவது முடித்துவிட்டு வரலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். இது நடக்கிற கதையா? மொத்தம் எவ்வளவு ஆகும்? எந்த மாதம் போகலாம்? "அடி வாங்குறதுக்குக் காசு கட்டிப் போற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்" என்கிறாள் வீட்டுக்காரி. அவளுக்குச் சொல்ல ஒரு பதிலும் வேண்டும்.


பனங்காட்டான் எழுதியது:

சிலம்பம் இருக்கிறது, குத்துவரிசை இருக்கிறது. சொல்லிக் கொடுக்க ஆசான்கள் ஆள் கிடைக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இதை விட்டுவிட்டு விமானம் ஏறித்தான் உதை வாங்க வேண்டுமா?


தெப்பக்குளத்தான் எழுதியது:

பனங்காட்டாரே, நானும் எட்டாவது படிக்கும்வரை கம்பு சுற்றியவன்தான், கோபப்படாதீர்கள். அவர் கேட்டது வேறு.

தம்பி, எனக்கு 44 வயது, திருச்சி. ஆடிட்டர் ஆபீஸில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் நீங்கள் சொல்லும் அதே தெருவில் 28 நாள் இருந்தேன். கணக்கு எழுதுகிற புத்தி போகுமா, தினமும் நோட்டில் குறித்து வைத்தேன். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். போட்ட திட்டம் 48 வகுப்பு. நடந்தது 27. மீதி 21-இல் கெண்டைக்கால் வீக்கத்துக்கு 4, வயிற்றுக்கு 3, கால் புண்ணுக்கு 8. கடைசி 6-க்கு எதிரே "ஓய்வு" என்று எழுதியிருக்கிறேன். சோம்பல் என்று எழுதக் கை வரவில்லை.

முதல் மூன்று நாளும் இரண்டு வேளை போனேன். ஒன்றும் ஆகவில்லை. நாமும் ஒரு ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன். நாலாம் நாள் காலை படுக்கையிலிருந்து தலை தூக்கவில்லை. முந்தின நாள் மாலை கிளிஞ்ச். கழுத்தைப் பிடித்து இழுத்து முழங்காலால் இடிக்கிற வேலை. என்னைவிடப் பத்துக் கிலோ குறைவான ஒரு பையன் இருபது நிமிடம் என் பின்னங்கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தான். பின்மண்டையில் கை கொடுத்து, தேங்காயைத் தூக்குவது போல என் தலையை நானே தூக்கித்தான் எழுந்தேன். மாடிப்படியில் இறங்கியதைப் பார்த்திருந்தால் வீட்டில் யாரும் அடுத்த நாள் அங்கே இருக்க விட்டிருக்க மாட்டார்கள்.

அதனால் முதல் வாரம் ஒரு வேளை மட்டும். மாலை வகுப்பைவிடக் காலை வகுப்பு மேல், வெயில் கொஞ்சம் தாங்கும். இரண்டாம் வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் இரண்டு வேளை. 30 நாளில் 30 வகுப்பு முடித்தால் அதுவே பெரிது. ஜிம்மில் மொத்த மாதத்துக்கும் முதல் நாளே பணம் கட்டாதீர்கள். நான் கட்டினேன். தவறிய வகுப்புக்குப் பைசா திரும்பாது என்று சிரித்த முகமாகச் சொன்னார்கள். நான் போனபோது ஒற்றை வகுப்புக்கு 300-400 பாட் (தாய்லாந்துப் பணம்) இருந்தது. இரண்டு மூன்று இடத்தில் ஒவ்வொரு வகுப்பு போய்ப் பாருங்கள், அப்புறம் வாரக் கணக்கில் கட்டுங்கள்.

எதைப் பார்த்து ஜிம்மைத் தேர்ந்தெடுப்பது? பேட் பிடிக்கிறவர் யார், ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்று பாருங்கள். பெரிய இடங்களில் ஒரு வகுப்பில் நாற்பது பேர் நிற்பார்கள், பேட் சுற்று இரண்டு கிடைத்தால் அதிகம். நான் இரண்டாம் வாரம் ஒரு சின்ன இடத்துக்கு மாறினேன். தகரக் கூரை, ஒரு ரிங், ஆறு பை, மூலையில் சேவல் கூடை. அங்கே ஐந்து சுற்று கிடைத்தது. பேட் பிடித்தவர் வடகிழக்குத் தாய்லாந்தின் இசான் பக்கத்துக்காரர். பத்து வயதில் சண்டைக்கு ஏறியவராம். ஆங்கிலம் பத்து வார்த்தை தெரியும், அதில் நாலு "அகெய்ன்".

நம் ஊரில் நான் உதைத்தது புறங்காலால். அவர் முதல் உதையை வாங்கிவிட்டு பேடைக் கீழே வைத்தார். என் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார், இங்கே பட வேண்டும் என்று. அப்புறம் தரையில் உட்கார்ந்து, நான் ஊன்றி நிற்கிற காலின் குதிகாலைக் கையால் பிடித்து, கால் விரல்கள் வெளிப்பக்கம் பார்க்கும்படி, கதவுக் கைப்பிடியைத் திருகுவது போலத் திருப்பினார். "அகெய்ன்." உதைத்தேன். மறுபடி குதிகாலைப் பிடித்துத் திருப்பினார். மூன்று நாள் இது ஒன்றுதான். நாலாம் நாள் குதிகால் தானாகத் திரும்பியது, பேடில் விழுந்த சத்தமே வேறாக இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, இடது காலைக் காட்டினார். இவ்வளவு காசும் இதற்குத்தான் என்று அன்றைக்குத் தோன்றியது. வீட்டில் சொல்ல இது உதவுமா தெரியாது. என் வீட்டில் உதவவில்லை.

இனி புண் கதை. 8 வகுப்பைத் தின்றது இதுதான். கணுக்காலில் ஒரு கொசுக்கடி. சொறிந்துவிட்டேன். அதே காலோடு ரிங் கேன்வாஸில் நின்றேன், நாற்பது பேர் வியர்வை ஊறிய துணி அது. மூன்றாம் நாள் சீழ், நாலாம் நாள் காய்ச்சல். கிளினிக்கில் கீறி எடுத்து ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். வகுப்பு முடிந்த கையோடு சோப்புப் போட்டுக் குளியுங்கள், அறைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். சின்னக் கீறல் இருந்தாலும் மூடிக் கட்டுங்கள், ஈரமாக இருந்தால் அன்றைக்கு லீவு. கைக்கட்டுத் துணி மூன்று ஜோடி கொண்டுபோய்த் தினமும் துவையுங்கள். ஜிம் கையுறையை வாங்கிப் போடாதீர்கள், மூக்கே வேண்டாம் என்று சொல்லிவிடும்.

அந்த கிளினிக் பில்லை இன்ஷூரன்ஸில் கேட்டேன். பாலிசியில் பதினாறாம் பக்கத்தில் சண்டைப் பயிற்சியில் வரும் எதற்கும் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கிறதாம். கொசுக்கடி ஐயா என்றேன், எடுபடவில்லை. ஊரான் பாலிசியை எல்லாம் வரி விடாமல் படிக்கிறவன் என் பாலிசியைப் படிக்காமல் போனேன். போர்க்கலைப் பயிற்சியைச் சேர்த்துத் தருகிற பாலிசி தனியாகக் கிடைக்கிறது, கூடுதல் பணம் கட்டி அதையே எடுங்கள். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் இங்கே ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிப் போங்கள். அது இல்லாமல் விழுந்தால் அதற்கும் இன்ஷூரன்ஸ் வராது. அடமானமாக பாஸ்போர்ட்டைக் கேட்டால் அடுத்த கடைக்கு நடங்கள்.

செலவு: பயிற்சிக்கு 12,000 பாட், மின்விசிறி அறைக்கு 9,000, சாப்பாட்டுக்கு 7,000. ஆக 28,000. நான் போனபோது ஒரு பாட் 2.40 ரூபாய்க்குப் பக்கம், அப்படிப் பார்த்தால் 67,000 சொச்சம். இப்போது பாட் ஏறியிருக்கிறது. டிக்கெட், கிளினிக், கையுறை எல்லாம் தனி.

விசா விதி அடிக்கடி மாறுகிறது. 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 30 நாள் என்றார்கள், 2024 ஜூலையில் 60 ஆக்கினார்கள். டிக்கெட் போடுகிற அன்று தூதரகத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 மே மாதத்திலிருந்து வருகை அட்டையையும் ஆன்லைனில்தான் நிரப்ப வேண்டும், போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். நான் போனபோது அது இல்லை.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். சுட்ட கோழியும் ஒட்டுச் சோறும் ஒரு மாதம் சாப்பிட்டாலும் அலுக்காது. பப்பாளிக்காயை உரலில் இடித்துத் தரும் சோம் தாமில் மட்டும் மிளகாயைக் குறைக்கச் சொல்லுங்கள். ஆந்திரா மெஸ்ஸில் சாப்பிட்டவன் நான் என்கிற தைரியத்தில்தான் அந்த மூன்று வகுப்பு போனது.


கொடிவேரி எழுதியது:

அண்ணன் எழுதியதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். நான் பெண், பெங்களூரில் வேலை, வடக்குத் தாய்லாந்தில் சியாங் மாயில் ஐந்து வாரம் பழகினேன். மலை ஊர், செலவு புக்கெட்டைவிடக் குறைவு, கடற்கரைக் கூட்டம் கிடையாது. ஆனால் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதீர்கள். வயலையும் காட்டையும் எரிக்கிற புகை. நான் மார்ச்சில் போய் மாட்டிக்கொண்டேன். கயிறு தாண்டும்போதே மூச்சு இரைக்கும், எதிரில் இருக்கிற மலை தெரியாது.

பெண்கள் யாராவது இதைப் படித்தால்: பழைய முறையைப் பின்பற்றும் சில ஜிம்களில் ரிங்குக்குள் போகும்போது ஆண்கள் மேல் கயிற்றைத் தாண்டுவார்கள், பெண்கள் கீழ்க் கயிற்றுக்கு அடியில் நுழைய வேண்டும். எனக்கு முதல் நாள் சுருக்கென்றது. பாங்காக்கில் முவாய் தாய்க்குப் பேர்போன லும்பினி அரங்கில் பெண்களை மோத விட்டதே 2021-இல்தான். பழகப் போகும் இடத்தில் இது எப்படி என்று முதலிலேயே கேட்டுவிட்டால், அங்கே போய்ப் பொருமிக்கொண்டிருக்க வேண்டாம். கிளிஞ்சுக்குப் பெண் துணை வேண்டும் என்றும் கேட்கலாம். நான் கேட்டேன், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

ஸ்பாரிங்கில் தாய்லாந்துக்காரர்களிடம் பயமே வேண்டாம், தொட்டு விளையாடுவது போலத்தான் அடிப்பார்கள். விடுமுறைக்கு வந்த வெளிநாட்டு ஆட்கள்தான் பல்லைக் கடித்துக்கொண்டு வருவார்கள். முடியாது என்று சொல்லி விலகிவிடுங்கள்.


கெடா_மணி எழுதியது:

வணக்கம். நான் சுங்கை பட்டாணி, மலேசியா. எங்கள் வடக்கு மாநிலங்களில் இதற்கு ஏறக்குறைய அண்ணன் தம்பி மாதிரி தோமோய் என்று ஒன்று உண்டு, சின்ன வயதில் அதுதான் பழகினேன். புக்கிட் காயு ஹித்தாமில் எல்லை தாண்டினால் தெற்குத் தாய்லாந்தின் ஹட்யாய் நகரத்துக்குப் போக ஒரு மணி நேரம் போதும். வெள்ளிக்கிழமை வேலை முடித்துக் காரில் போய், சனி ஞாயிறு பழகிவிட்டுத் திரும்புகிற பையன்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். அங்கே சுற்றுலாக் கூட்டம் இல்லை, எல்லாம் சண்டைக்கு ஏறுகிற சின்னப் பிள்ளைகள். ஆங்கிலமும் கிடையாது.

மாதம் கேட்டீர்கள். புக்கெட்டில் மழை மே முதல் அக்டோபர் வரை. ஹட்யாய் கிழக்குப் பக்கம், அங்கே நவம்பர், டிசம்பர்தான் மழை. 2025 நவம்பரில் ஊரே முங்கிப் போனது. புக்கெட் என்றால் டிசம்பரிலிருந்து மார்ச் நல்லது, ஆனால் அறை வாடகை ஏறிவிடும். கொஞ்சம் நனைந்தால் பரவாயில்லை என்றால் செப்டம்பரில் பாதி விலைக்கே அறை பார்க்கலாம்.


நூற்பாலைத்_தெரு எழுதியது:

எல்லோருக்கும் நன்றிங்க. 50 வகுப்புக் கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நவம்பர் கடைசியில் கிளம்பி, முதல் வாரம் ஒரு வேளை, சின்ன ஜிம், வாரக் கணக்கில் பணம் என்று வைத்திருக்கிறேன். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு போன் போட்டு முவாய் தாய் என்றேன். அந்தப் பெண் "மசாஜா சார்?" என்று கேட்டார். எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. ஆறு மாதம் தங்கலாம் என்று ஒரு விசா பற்றிப் படித்தேன், முவாய் தாய் பழகுவதற்கும் தருவார்களாமே? வீட்டில் இன்னும் சொல்லவில்லை, சும்மாதான் கேட்கிறேன். அப்புறம், கூட எடுத்து வருவதில் மறக்கவே கூடாதது ஏதாவது?


தெப்பக்குளத்தான் எழுதியது:

சும்மாதான் கேட்கிறீர்கள், நம்பிவிட்டேன். அது டிடிவி (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா), 2024 ஜூலையில் கொண்டுவந்தார்கள். ஐந்து வருடம் செல்லும், ஒரு தடவை போனால் 180 நாள் தங்கலாம், பயிற்சிக்கு என்று ஜிம்மில் கடிதம் வாங்கித் தர வேண்டும். வங்கிக் கணக்கில் 5 லட்சம் பாட் இருப்பதாகக் காட்டச் சொல்வார்கள். ஒரு மாதத்துக்கு அது தேவையே இல்லை. முதலில் இந்த 30 நாள் போய் வாருங்கள், கழுத்து என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

எடுத்துப்போக: உப்புச் சர்க்கரைப் பொடி பாக்கெட் இருபது, நம் ஊர் மருந்துக் கடை பிளாஸ்டர் ரோல் இரண்டு. பெருவிரல் அடித்தோல் முதல் வாரமே கழன்று வரும், அதற்குச் சுற்ற. தைலம் கொண்டுபோக வேண்டாம், நம்மான் முவாய் என்று மஞ்சள் நிறத்தில் அங்கேயே விற்கிறது. அதைத் தேய்த்த கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள், கழிவறைக்கும் போகாதீர்கள். நோட்டில் அந்தத் தேதிக்கு எதிரே நான் ஒன்றும் எழுதவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் கால் நகத்தையும் ஒட்ட வெட்டிவிடுங்கள். பேட் பிடிக்கிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.