தலையை உதறும் குதிரைக்கு எந்த பிட் (வாயில் மாட்டும் கடிவாளக் கம்பி)?

கேள்வி: சிங்கப்பூர் கிராஞ்சியில் 2024 அக்டோபர் 5-ஆம் தேதியோடு குதிரைப் பந்தயம் நின்றுவிட்டது. ஓய்வுபெற்ற தரோபிரெட் இனப் பந்தயக் குதிரை ஒன்றுக்கு இப்போது சவாரிப் பயிற்சி. ஒற்றை மூட்டு ஸ்னாஃபிள் (நெம்புகோல் இல்லாத, நடுவில் ஒரு மூட்டுள்ள பிட்) போட்டிருக்கிறோம். கடிவாள வாரை இழுத்ததும் தலையை மேலே உதறுகிறது. பெல்ஹாமுக்கு மாறலாமா?

பதில் 1: பெல்ஹாம் வேண்டாங்க. அது நெம்புகோல், உச்சந்தலையையும் தாடையையும் சேர்த்து அழுத்தும், வலி எங்கே என்பது தெரியாமலே போய்விடும். முதலில் பல்லைக் காட்டுங்கள். கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் முளைக்கும் சின்ன ஓநாய்ப்பல்லில் கம்பி இடித்தாலே இப்படி உதறும். ஒற்றை மூட்டு பாக்குவெட்டி மாதிரி மடங்கி நாக்கை நெருக்கும். நடுவில் வழவழப்பான சிறு இணைப்புள்ள இரட்டை மூட்டைப் போட்டுப் பாருங்கள்.

பதில் 2: அளவும் முக்கியம். உதட்டோரம் முதல் உதட்டோரம் வரை நூல் பிடித்து அளந்து, தளர்வளையம் (பக்கவளையம் தளர்வாகச் சுழலும் பிட்) என்றால் பக்கத்துக்கு அரை சென்டிமீட்டர் கூட்டுங்கள். குறைந்தால் வளையம் உதட்டைக் கிள்ளும். கூடினால் கம்பி ஒருபக்கமாக நழுவும். தடித்த கம்பி மென்மை என்று நம்பாதீர்கள். தரோபிரெட் வாயில் இடம் குறைவு, 14 மி.மீ. தடிமன் போதும்.

பதில் 3: மூக்குவாரின் அடியில், மூக்கெலும்பின் மேல் இரண்டு விரல் நுழையணும். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் தோல் வாரில் பூஞ்சை பிடித்துத் தையல் இற்றுப்போகும். பிட்டைச் சுற்றி வார் மடியும் இடத்தை அவிழ்த்துப் பாருங்க.