‘அரிடிட்டி’, ‘டிரவுட்’ இரண்டுக்கும் வறட்சிதானா? ஒரு வரியில் சிக்கி நிற்கிறேன்

கேட்டவர்:
வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தார்ப் பாலைவனம் பற்றிய ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்குகிறேன். அரிடிட்டி நிலையானது, டிரவுட் வந்து போவது என்று அதில் ஒரு வரி. அகராதி இரண்டுக்குமே வறட்சி என்கிறது. அப்படியே எழுதினால் “வறட்சி நிலையானது, வறட்சி வந்து போவது” என்று நிற்கிறது! எப்படிப் பிரிப்பது?

பதில் 1:
வறட்சியை டிரவுட்டுக்கே விட்டுவிடுங்கள். “இந்த வருஷம் வறட்சி” என்று விவசாயி சொல்வது அதைத்தான்: வழக்கமாகப் பெய்யும் மழை பொய்த்துப்போவது. அது சிரபுஞ்சியிலும் வரலாம்.

அரிடிட்டி அந்த இடத்தின் குணம். ஓர் ஆண்டில் பெய்யும் மழையை, அங்குள்ள வெயிலும் காற்றும் உறிஞ்சக்கூடிய நீரின் அளவால் வகுக்கிறார்கள். விடை 0.05 முதல் 0.20 வரை வந்தால் ‘ஏரிட்’, அதாவது வறண்ட பகுதி; 0.20 முதல் 0.50 வரை செமி ஏரிட். தார்ப் பாலைவனத்து ஜெய்சல்மேரில் ஒரு வருஷம் நன்றாகப் பெய்துவிட்டால் வறட்சி இல்லை என்று சொல்லலாம், ஆனால் அது வறண்ட பூமிதான். அதனால் ‘வறள்தன்மை’ என்று போடுங்கள். சொல் புதிதாகத் தெரிந்தால் முதல் இடத்தில் மட்டும் ஒரு வரி விளக்கம் போதும்.

பதில் 2:
சொல்லின் புழக்கம் பற்றியும் கொஞ்சம். ஏரிட் பெரும்பாலும் நிலத்துக்கும் தட்பவெப்பத்துக்கும்தான். இருமலுக்கோ துணிக்கோ வராது, அங்கெல்லாம் டிரை. தமிழில் அந்த டிரையே வறட்டு இருமல், காய்ந்த துணி, உலர் திராட்சை என்று இடத்துக்கு இடம் மாறும். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. உயிரோட்டம் இல்லாத விவாதத்தை மட்டும் ஏரிட் என்பார்கள். நம் ‘வறட்டு விவாதம்’ அதற்கு அப்படியே பொருந்தும்.

வகுப்பில் வாசிக்கும்போது கவனியுங்கள்: ஏரிட்டில் அழுத்தம் முதல் அசையில், அரிடிட்டியில் இரண்டாவது அசையில்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: “வறள்தன்மை நிலத்தோடு இருப்பது, வறட்சி வந்து போவது.” வாசிக்கத் தடுக்கவில்லை. அப்புறம், செமி ஏரிட்டுக்கு?

பதில் 1:
அரை வறண்ட பகுதி. ஆந்திராவின் அனந்தப்பூரை உதாரணமாகச் சேருங்கள். அரை வறண்ட நிலம், அதன்மேல் அடிக்கடி வறட்சியும் வரும். இரண்டையும் ஒரே ஊரில் காட்டிவிடலாம்.