கலைச்சொல்: வடிவக் கவிதையா, உருப்பாவா, சித்திரகவியா? (பேசுவோர் ஊர்ப்பெயரால் குறிக்கப்படுகிறார்கள்)

முத்தியால்பேட்டை:
அவசரம். 3 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்குப் பாடமெடுக்கும் தமிழாசிரியர்களுக்கான பயிற்சித்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. குடையைப் பற்றிய கவிதை தாளில் குடையாகவே நிற்குமே, அந்த வகைக்குப் பெயர் வேண்டும். பிள்ளைகள் வாயில் நுழைய வேண்டும். வரைவில் இப்போதைக்கு 'வடிவக் கவிதை'.

திருப்பாதிரிப்புலியூர்:
இருக்கிற பெயர் போதாதா அம்மா? அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லணியில் நாகபந்தம், சக்கரபந்தம், சுழிகுளம் என்று எழுத்தை வித்தையாகக் கட்டும் பாட்டுகளை அடுக்கிவைத்திருக்கிறது. சித்திரகவி என்றே போடுங்கள்.

லாஸ்பேட்டை:
ஐயா, நாகபந்தத்தில் பாம்புடல் பின்னும் இடத்தில் நிற்கும் எழுத்து இரண்டு பக்கத்துக்கும் பொது. வித்தையே அதில்தான். இங்கே பிள்ளை செய்வது வேறு: பொருளின் தோற்றத்துக்குள் சொல்லை நிரப்புகிறது, அல்லது சொல்லையே கோடாக ஓடவிடுகிறது. பிரெஞ்சில் இதற்கு நேர்ச்சொல் உண்டு, 'கலிகிராம்'. 1918-இல் பிரெஞ்சுக் கவிஞர் அப்பொலினேரின் தொகுப்புக்கே அதுதான் தலைப்பு. அதில் மழைக் கவிதையின் எழுத்துகள் சாய்வாகக் கீழிறங்கும். கிரேக்கத்தில் கல்லோஸ் அழகு, கிராம்மா எழுத்து. ஆகவே 'எழிலெழுத்து'?

நெல்லிக்குப்பம்:
எழிலெழுத்து என்றால் கையெழுத்துப் போட்டி என்று நினைப்பார்கள். கலிகிராம் என்றால் எத்தனை கிராம் என்று கேட்பார்கள். 'உருப்பா' வையுங்கள். "உருவுகண்டு எள்ளாமை வேண்டும்" என்று குறளிலேயே உரு இருக்கிறது. அடுத்த சீரிலேயே தேரும் வருகிறது!

லாஸ்பேட்டை:
உரு, ரூபத்தின் திரிபு என்பாரும் உண்டு.

நெல்லிக்குப்பம்:
உருள், உருண்டை, உருவாரம் எல்லாமே ரூபமா ஐயா? உருத்தல் என்றால் தோன்றுதல். வேர் நம்முடையது.

திருப்பாதிரிப்புலியூர்:
வேர் கிடக்கட்டும். பா என்றால் வெண்பா, ஆசிரியப்பா, கலிப்பா, வஞ்சிப்பா. தளை தட்டாமல் எழுதத் தெரியாத பிள்ளைக்கு ஐந்தாவது பாவா?

பண்ருட்டி:
பெயர் எதுவானாலும் தாளில் செய்முறை சரியாக இருக்கட்டும். முதலில் படம் வரையச் சொன்னால் கவிதை வராது, படம்தான் வரும். பொருளைப் பற்றி 12 சொற்கள் கரும்பலகையில். அவற்றில் குறைந்தது மூன்று வினைச்சொல்லாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மளிகைப் பட்டியல். பிறகு சாதாரண வரிகளில் ஒரு வரைவு. அதன் பிறகே கோடில்லாத தாளில் உள்ளங்கை அகலத்துக்கு மெல்லிய பென்சில் கோடு.

3-ஆம் வகுப்புக்கு உள்ளே நிரப்புவது போதும்: குடை, மீன், படகு. மயிலும் கோபுரமும் வேண்டாம், கழுத்திலும் கலசத்திலும் சொல் நுழையாது. பலாப்பழம் எங்கள் ஊர்ப் பெருமைதான், ஆனால் முள்ளை வரைவதிலேயே பாடவேளை போய்விடும். முந்திரிப்பழம் நல்லது: பழத்துக்குள் கவிதை, கீழே தொங்கும் கொட்டைக்குள் தலைப்பு.

விளிம்பிலேயே எழுதுவது 4, 5-க்கு. எப்போதும் நடக்கும் கோளாறு, சுற்று முடியும் முன் கவிதை தீர்ந்துபோவது. விளிம்பின்மேல் நூலை வைத்து அளந்து, நீட்டி, அந்த நீளத்துக்கு வரைவை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்தால் இரட்டைக்கிளவி கைகொடுக்கும்: மழைக்குச் சடசட, ஓடைக்குச் சலசல, வேண்டிய மட்டும் நீளும்.

இன்னொன்று, இது தமிழுக்கே உரிய தொல்லை. இடம் போதாத இடத்தில் 'கொ'வின் கொம்பை ஒரு வரியில் விட்டு மீதியை அடுத்த வரிக்குக் கொண்டுபோவார்கள். புள்ளி எழுத்தை வரி முதலில் வைப்பார்கள். மெய் சொல்லுக்கு முதலாகாது என்ற விதியை இங்கே கண்ணால் காட்டலாம். எழுதி முடித்து மை காய்ந்த பிறகே பென்சில் கோட்டை அழிக்க வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர்:
நன்று. அப்படியே எழுகூற்றிருக்கையையும் சேருங்கள். 1, 2, 1. 1, 2, 3, 2, 1 என்று பாட்டில் எண்கள் ஏழு வரை ஏறி இறங்கும். சம்பந்தரும் திருமங்கையாழ்வாரும் பாடியது. பிள்ளைகளுக்கு மூன்று வரை போதும்: வரிக்கு 1, 2, 3, 2, 1 சொல் என்று நடுவில் நிறுத்தி எழுதினால் காற்றாடி வந்துவிடும். தேர் வரைந்தால் "தேரு வருதே"யை உள்ளே வைக்கலாம், திருப்பிப் படித்தாலும் அதுவே. இதெல்லாம் சித்திரகவி இல்லாமல் வேறென்ன?

நெல்லிக்குப்பம்:
'வடிவ'த்தில் ஒரு சிக்கல். கணக்குப் புத்தகத்தில் வடிவங்கள் என்றால் வட்டம், சதுரம், முக்கோணம். பிள்ளை முக்கோணத்துக்குள் நிலாவை எழுதும். 'உருக்கவிதை'யாவது போடுங்கள்.

பண்ருட்டி:
காதில் 'உருக்கு'க் கவிதை என்று விழுகிறது. இரும்பாலை ஞாபகம் வரும். கணக்கில் ஏற்கெனவே தெரிந்த சொல் என்பது எனக்கு வசதியாகத்தான் படுகிறது.

முத்தியால்பேட்டை:
வடிவக் கவிதைக்கு மூவர், உருப்பாவுக்கு ஒருவர், சித்திரகவிக்கு ஒருவர், எழிலெழுத்தை முன்மொழிந்தவரே கைவிட்டுவிட்டார். 'வடிவக் கவிதை' அச்சுக்குப் போகிறது. நூல் அளவும் கொம்பு விஷயமும் செய்முறையில் சேர்த்தாயிற்று. சித்திரகவி தனிக் கட்டத்தில், காற்றாடியோடு.

திருப்பாதிரிப்புலியூர்:
கட்டத்தில் அடைத்ததற்கு நன்றி. மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும்.

நெல்லிக்குப்பம்:
அச்சேறும் முன் ஒரு சொல். பல்லாண்டில் "வடிவாய்நின் வலமார்பினில்" என்றுதானே வருகிறது? 'வடிவுக் கவிதை' என்றாவது...