‘வற்றமர்தல்’: தரைதட்டல் அல்லாத தரைதட்டலுக்கு ஒரு சொல்

அன்புடையீர்,

நெதர்லாந்தின் வாடன் கடலில், புதுப்பித்த பழைய சரக்குப் பாய்க்கப்பல்களில் விடுமுறைப் பயணம் போவோருக்கான கையேட்டில் ஒரு சொல் இடறுகிறது. தட்டையடி கொண்ட த்யால்க் வகைக் கப்பல்கள் இவை. சரக்கறை இருந்த இடத்தில் இப்போது படுக்கையறைகள். கடல் வற்றும்போது கப்பலை மணல்திட்டில் உட்காரவைப்பார்கள். பயணிகள் ஏணியில் இறங்கி நடந்துவருவார்கள். நீர் ஏறியதும் கப்பல் கிளம்பும். இதற்கான டச்சுச் சொல்லின் நேர்ப்பொருள் ‘உலர்ந்து விழுதல்’. கையேட்டின் தமிழ் வரைவில் ‘தரைதட்டல்’ என்றிருக்கிறது. அது விபத்தைக் குறிப்பது. பயணி அதைப் படித்தால் பதறுவார்.

என் முன்மொழிவு: வற்றமர்தல். வற்று + அமர்தல். கடல்நீரின் ஏற்ற இறக்கத்தை ‘வற்றுப்பெருக்கு’ என்று ஈழத்தில் சொல்வதுண்டு. அந்த ‘வற்று’தான் இது.

*

> வற்றமர்தல்

ஐயா, இரண்டு தடைகள். வற்றுவது நீர், அமர்வது கப்பல். ஒரே சொல்லில் இரண்டு எழுவாய் மோதுகின்றன. ‘அமர்வு’ என்றாலே கருத்தரங்கு நினைவுக்கு வருகிறது. ‘நிலத்தமர்தல்’ போதாதா?

*

அம்மா, ‘வற்று’ இங்கே வினையன்று, பெயர். வற்றில் அமர்தல் என்று ஏழாம் வேற்றுமைத் தொகையாகக் கொண்டால் மோதல் இல்லை. கருத்தரங்குக் குழப்பம் உண்மைதான்; அதனால் ‘வற்றமர்வு’ வேண்டாம், வினையாகவே ஆளுவோம்.

‘நிலத்தமர்தல்’ ஏன் போதாது என்றால், அதில் நேரம் இல்லை. இந்தச் செயலே நேரக்கணக்குதான். ஒரு பெருக்கு உச்சத்திலிருந்து அடுத்த உச்சத்துக்குச் சுமார் 12 மணி 25 நிமிடம். உச்சம் கழிந்து 3 மணி நேரத்தில் கப்பல் தரை தொட்டால், அடுத்த உச்சத்துக்கு ஏறத்தாழ 3 மணி நேரம் முன்பே மிதந்துவிடும். இடையே ஆறேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருப்பு. பயணிகள் திரும்ப வேண்டிய நேரத்தை இதிலிருந்தே குறிப்பார்கள், அதுவும் தாராளமாக முன்தள்ளி. திட்டு நனையும் முன்பே, கப்பலுக்கும் நடப்பவருக்கும் நடுவிலுள்ள ஓடைகள் நிரம்பிவிடும்.

உச்சத்திலேயே அமர்த்துவதுதான் பெரும்பிழை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய பெருக்கின் உச்சத்தில் அமர்ந்தால், அடுத்தடுத்த பெருக்குகள் தாழ்ந்துகொண்டே போகும். கப்பல் நாள்கணக்கில் சிக்கிக்கொள்ளும். இந்நிலைக்கு ‘வற்றுச்சிறை’ என்று தனிச்சொல் வைக்கலாம்.

இன்னொரு பயன்: தன்வினை, பிறவினை இரண்டும் கிடைக்கின்றன. ‘கப்பல் வற்றமர்ந்தது’, ‘மாலுமி கப்பலை வற்றமர்த்தினார்’. ‘தரைதட்டு’ என்பதில் இந்த வேறுபாட்டைக் காட்ட முடிவதில்லை. கையேட்டுக்கோ அதுதான் உயிர்.

*

பிறவினை வடிவம் என்னை மாற்றிவிட்டது. ஏற்கிறேன். ஆனால் கையேட்டு வரைவில் செய்முறை வரிசை தவறு: முதலில் நங்கூரம், பிறகு மற்றவை என்கிறது.

முதலில் இடம். தட்டையான, இறுகிய மணல். அலை அடங்கிய பக்கம். ஓடையின் விளிம்பு கூடாது. அங்கே ஒரு முனை தாங்கலின்றி நிற்கும். ரிவெட் அடித்த பழைய இரும்புத் தகடுகள் அந்த முறுக்கைத் தாங்கா. கடல்நாய்களும் பறவைகளும் இளைப்பாறும் திட்டுகளை விட்டு விலக வேண்டும்.

பிறகு இருபக்கத்துப் பலகைகளையும் (காற்றால் கப்பல் பக்கவாட்டில் ஒதுங்காமல் தடுப்பவை) விஞ்சு எனும் கயிறிழுக்கும் உருளையைச் சுழற்றி மேலே ஏற்ற வேண்டும். இறக்கியபடி விட்டுக் கப்பல் ஒதுங்கினால், பலகை கப்பலின் அடியில் சிக்கி முறியும். அதன்பின் நங்கூரம்; சங்கிலியைப் போதிய நீளம் விட வேண்டும். தன் நங்கூரத்தின்மேலேயே கப்பல் உட்கார்ந்தால் நங்கூரத்தின் கொழு (மண்ணில் குத்தி நிற்கும் முனை) கப்பலின் அடித்தகட்டைக் கிழித்துவிடும். கடல்நீரால் குளிரும் இயந்திரமானால் தரை தொடும் முன்பே நிறுத்த வேண்டும். இல்லையேல் குழாய் மணலை உறிஞ்சும்.

நீர் ஏறிக் கப்பல் கிளம்புவதற்கு ‘மிதந்தெழுதல்’ போதும், புதிதாக ஒன்றும் வேண்டாம்.

கையேட்டு வாக்கியம் இப்படி இருக்கட்டும்: “பக்கப்பலகைகளை ஏற்றி, நங்கூரத்திலிருந்து விலகி நின்ற பிறகே கப்பலை வற்றமர்த்துவர். கப்பல் முழுதாக வற்றமர்ந்ததை மாலுமி அறிவிக்கும்வரை ஏணியில் இறங்காதீர்கள்.”